உஷார்! சங்கிலியைக் கழற்றாதீர்கள்

சென்னையில் நாய் வளர்க்கிறீர்களா? முதலில் உங்கள் நாயின் உரிமம் எங்கே இருக்கிறது என்று தேடி எடுங்கள். அது இன்னும் செல்லுபடியாகிறதா? நாயின் உடலில் மைக்ரோசிப் பொருத்தியாகிவிட்டதா? ரேபிஸ் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள்? இதில் ஒன்றுக்குப் பதில் சொல்லத் தடுமாறினாலும் இன்றே கவனியுங்கள். உரிமம் இல்லாமல் வளர்த்தால் மாநகராட்சி 5,000 ரூபாய் அபராதம் விதிக்கும். ஆனால், உங்களுக்கு வரக்கூடிய தொல்லைகளில் மிகச் சிறியது இந்த அபராதம்தான்.

2024 மே 5 அன்று நுங்கம்பாக்கத்தில், மாநகராட்சிப் பூங்காவுக்குள் இரண்டு ராட்வீலர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் குதறின. தலையில் படுகாயம். காப்பாற்றப் போன தாயையும் கடித்தன. நாய்களின் உரிமையாளர் கைதானார். ஊரே பதறியது, பிறகு மறந்தது. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் ஒரு பிட்புல், தெருவில் ஒருவரைக் கடித்துக் கொன்றே போட்டது. தடுக்க முயன்ற நாயின் சொந்தக்காரரையும் அது விடவில்லை.

இரண்டு சம்பவத்திலும் தாக்கியவை தெருநாய்கள் அல்ல, வீட்டு நாய்கள். பெயர் வைத்து, சோறு வைத்து, பிள்ளை மாதிரி வளர்த்தவை. “எங்க நாய் ஒண்ணும் பண்ணாதுங்க” என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். வீட்டுக்குள் அது உண்மையாகவே ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். ஆனால் தெருவில் ஒரு குழந்தை திடீரென்று ஓடும், பைக் ஒன்று உறுமிக்கொண்டு போகும், இன்னொரு நாய் குரைக்கும். அந்த ஒரு நொடியில் நம் நாய் என்ன செய்யும் என்று நமக்கே தெரியாது. வளர்ந்த ஆண் ராட்வீலர் சுமார் 50 கிலோ இருக்கும். அதை 10 வயதுப் பையன் கையில் கொடுத்து “ஒரு ரவுண்டு கூட்டிட்டு வா” என்று அனுப்புகிறோமே, இழுத்தால் அவனால் பிடிக்க முடியுமா?

விதி என்ன சொல்கிறது?

நாயை வெளியே கொண்டுவந்தால் கழுத்தில் சங்கிலியும் வாயில் வாய்மூடியும் கட்டாயம். வாய்மூடி என்றதும் துணியால் இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வாயைத் திறக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் கூடை போன்ற வாய்மூடியே சென்னை வெயிலுக்குச் சரி.

பிட்புல், ராட்வீலர் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். 2025 டிசம்பரில் மாநகராட்சி மாமன்றம் நிறைவேற்றிய தீர்மானப்படி, இந்த இரண்டு இனங்களுக்கும் புதிய உரிமம் கிடையாது. மீறி வாங்கி வளர்த்தால் 1 லட்சம் ரூபாய் அபராதம். ஏற்கெனவே உரிமத்தோடு வளர்ப்பவர்கள் தொடர்ந்து வளர்க்கலாம். சங்கிலியும் வாய்மூடியும் இல்லாமல் வெளியே கொண்டுவரக் கூடாது. அபராதத்துக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாக எங்காவது கொண்டுபோய் அவிழ்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பழக்கமில்லாத தெருவில் மிரண்டு நிற்கும் அந்த நாயால் அங்கே இருப்பவர்களுக்கும் ஆபத்து.

நாய் யாரையாவது கடித்துவிட்டால் விஷயம் போலீஸ் வரை போகும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி, தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிரே போய்விட்டால் வழக்கு இதோடு நிற்காது.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களும் கவனிக்க வேண்டும். நாயே வளர்க்கக் கூடாது என்று தடை போட உங்களுக்கு அதிகாரம் இல்லை என்கின்றன விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல்கள். ஆனால் லிஃப்டிலும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் நாயைச் சங்கிலியில் பிடித்து அழைத்துவரச் சொல்லிக் கேட்க எல்லா நியாயமும் உண்டு. சண்டை வருமே என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள்.

கடித்துவிட்டால்...

“வீட்டு நாய்தானே, ஊசி எதுக்கு?” இந்த நினைப்பு உயிரையே வாங்கிவிடும். தமிழகத்தில் 2024-ல் மட்டும் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின; ரேபிஸால் 43 பேர் இறந்தார்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். தெரிவதற்கு முன்பு முழுமையாகத் தடுத்துவிடலாம். ஆகவே:

• காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் விடாமல் கழுவுங்கள்.

• மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதையும் அப்பாதீர்கள். இறுக்கிக் கட்டும் போடாதீர்கள்.

• அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசிக்குப் பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் மீண்டும் போட வேண்டும். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடாதீர்கள்.

• ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்த வேண்டும். மருத்துவரிடம் கேளுங்கள். முகத்திலும் தலையிலும் கடிபட்ட குழந்தைக்கு ஒரு மணி நேரத் தாமதமும் கூடாது. கிருமி நரம்பு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. முகத்திலிருந்தும் தலையிலிருந்தும் மூளை மிகப் பக்கம்.

• குட்டி நாய் விளையாட்டாகக் கீறினாலும், பல் பட்டாலும் இதே கவனம் வேண்டும். குட்டிக்கு ரேபிஸ் ஊசியே மூன்று மாத வயதில்தான் தொடங்குகிறது. அதற்குமுன் அதற்கு ஊசியின் பாதுகாப்பு இல்லை.

நாயை நேசிப்பவர்கள்தான் இந்த விதிகளை முதலில் கையில் எடுக்க வேண்டும். ஒரு நாய் கடித்தால் கடிபட்டவர் குடும்பம் சிதைகிறது, வளர்த்தவர் நீதிமன்றம் ஏறுகிறார், தெருவில் இருக்கும் மற்ற நாய்கள் மீதெல்லாம் கல் விழுகிறது. இன்று சாயங்காலம் நாயை வெளியே கூட்டிப் போவதற்கு முன் சங்கிலியின் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். வாய்மூடி இல்லையென்றால், அதை வாங்கிய பிறகு வாசலைத் தாண்டுங்கள்.