முதலை வங்கி



அயல்நாட்டு விலங்கு என்று நாம் வழங்கும் பெயர் விலங்கைப் பொறுத்ததன்று. பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக றிவேஸ்ரன் மலைக்கு ஏறுவோர், பாசி படர்ந்த மரத்தண்டிலே, மூக்கின் நுனியில் இலை போன்றதொரு தகட்டைத் தாங்கிய ஓணானைக் காணக்கூடும். நக்கிள்ஸ் மலைத்தொடரையன்றி உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. 1861ஆம் ஆண்டில் அதற்கு விஞ்ஞானப் பெயர் இட்டபோது, இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் என்பாரின் பெயரையே சூட்டினர். நமக்கு அது வெறும் காட்டு ஓணான். ஐரோப்பாவிலே கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்போருக்கு விலைமிகுந்த அயல்நாட்டு விலங்கு. கள்ளமாகக் கடத்தப்பட்டு வந்தமையால், 2019ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடிய உலக மாநாடு இவ்வோணானின் சர்வதேச வாணிபத்தைத் தடைசெய்தது.

இவ்வாறே, சீகிரியா அகழியிற் கிடக்கும் முதலை நமக்குப் பழக்கமான பிராணி. அகழியோரத்தில் நாட்டப்பட்ட எச்சரிக்கைப் பலகையை மாணவர் வாசித்துவிட்டு நகைப்பதுண்டு. அதே சதுப்பு முதலை இந்தியாவிலே ஒரு காலத்தில் அருகிப்போயிற்று. அதனைக் காக்க எழுந்த தனியார் நிலையமொன்றைப் பற்றியே இன்று சொல்ல விழைகிறேன்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலி என்னும் ஊரில் அந்நிலையம் இருக்கிறது. அமெரிக்காவிற் பிறந்து, சிறு வயதிலேயே இந்தியாவுக்கு வந்து, அந்நாட்டுக் குடிமகனாகிவிட்ட றொமுலஸ் விற்றேக்கரும் அவர் துணைவியார் ஸாயும் 1976ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினர். ஊரார் முதலைப் பண்ணை என்பர். ஆனால் நிறுவியோர் இட்ட பெயர் முதலை வங்கி என்பதாகும். தோலுக்காக முதலைகளைக் கொன்று குவித்ததால், எஞ்சியவற்றைச் சேமித்து, பெருக்கி, வேண்டும்போது ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் எடுத்துக் கொடுப்பது என்பதே நோக்கம். முதலையே முதல், குஞ்சுகளே வட்டி. தமிழ் படித்தவன் என்ற முறையில் இச்சொற்பொருத்தத்தை எண்ணி நான் மகிழ்வதுண்டு.

வட்டியோ எவரும் எதிர்பாராத வேகத்திற் பெருகியது. பாதுகாப்பும் உணவும் கிடைத்தவிடத்து, ஒரு பெண் சதுப்பு முதலை ஒரே பருவத்தில் இருமுறை முட்டையிடுகிறது என்பதை அங்குள்ளோர் கண்டறிந்தனர். ஒவ்வொரு முறையும் இருபத்தைந்து, முப்பது முட்டைகள். காட்டிலே உடும்பும் நரியும் பறவையும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பின் மிகச் சிலவே பிழைக்கும். மதிற்சுவருக்குள் பங்கு கேட்போர் இல்லை.

இன்னுமொரு செய்தி, கேட்போருக்கு வியப்பூட்டுவது. முதலைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தாயுமன்று, தந்தையுமன்று. முட்டை கிடந்த மணலின் வெப்பமே. வடநெம்மேலியில் நிகழ்ந்த ஆராய்ச்சியின் முடிவு 1989ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 31 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் குறைந்த சீரான வெப்பத்தில் வைத்த சதுப்பு முதலை முட்டைகள் யாவும் பெண்ணாயின, 32.5 பாகையில் வைத்தவை ஆணாயின. இடையே இருப்பது ஒன்றரைப் பாகைதான். சுரம் பார்க்கும் கருவியில் நாம் பொருட்படுத்தாது விடும் அளவு! உலகம் வெப்பமாகி வரும் இந்நாளில் இவ்வொன்றரைப் பாகை சிறிய செய்தியன்று.

உள்ளூர் முதலைகளோடு அயலவரும் அங்கு வந்து சேர்ந்தனர். மெக்சிக்கோ நாட்டு மொறேலே முதலை, ஆபிரிக்காவின் நைல் முதலை, அமெரிக்க அலிகேற்றர், தென்னமெரிக்கக் கேமன், தென்கிழக்காசியாவில் அழிவின் விளிம்பில் நிற்கும் சயாம் முதலை என உலக முதலையினங்களிற் பாதிக்கு மேற்பட்டவை அச்சிறு நிலப்பரப்பில் உள்ளன. முதலை தன் உடற்சூட்டைத் தானே ஆக்கிக்கொள்வதில்லை. வெயிலிலும் நீரிலுமே பெறுகிறது. ஆகவே குளிர்நாட்டு விலங்குச்சாலைகள் பெரும்பொருள் செலவிட்டுச் செய்வதைச் சோழமண்டலக் கரையின் கதிரவன் இலவசமாகச் செய்துவிடுகிறான். ஆயினும் களவுக்கு அஞ்ச வேண்டியிருக்கிறது. 2021ஆம் ஆண்டு நவம்பரில், இந்துமாக்கடலின் அல்டாப்ரா தீவுக்குரிய பேராமை ஒன்று அங்கிருந்து திருடப்பட்டது.

அந்நிலையத்தால் நாமும் பயன் பெறுகிறோம் என்பது பலரறியாதது. பாம்புத் தோல் வாணிபம் தடைப்பட்டபின் பிழைப்பிழந்த இருளர் குலத்தார், 1978ஆம் ஆண்டில் விற்றேக்கரின் துணையோடு கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைத்தனர். அவர்கள் பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுவர். அவர்களது பானைகளில் பாம்புகள் காத்திருப்பதும் நஞ்சு எடுக்கப்படுவதும் அந்நிலைய வளவினுள்ளேயே. இந்தியாவில் நஞ்சுமுறி மருந்து செய்வோர் பெரிதும் நம்பியிருப்பது அந்த நஞ்சையே. நம் வைத்தியசாலைகளில் நாகமோ கண்ணாடி விரியனோ தீண்டிய கமக்காரனுக்கு ஏற்றப்படும் மருந்தும் இந்தியாவிலிருந்து வருவதே.

இனி, இடர்ப்பாட்டிற்கு வருவோம். ஆயிரத்தைந்நூறு அளவிலான முதலைகளை அந்நிலையம் பல மாநிலங்களுக்கு வழங்கியது. பின்னர், 1990களில், ஏற்பார் இல்லாது போயினர். ஏரிக்கரைகளில் மக்கள் நிறைந்துவிட்டனர். மீன்பிடிப்போரும் ஆடைவெளுப்போரும் இறங்கும் நீரில் முதலையை விட எந்த அதிகாரி கையொப்பமிடுவார்? தெற்கே நில்வளா கங்கைக் கரையில் குளிப்பவரைக் காக்க முதலை வேலி அடைப்பதைப் பார்த்த நாம் அவர்களைக் குறைகூற இயலாது. வெளியேறும் வழி அடைபட்டது, உள்ளிருப்பவையோ பெருகின. ஆண்டுதோறும் மாணவரைச் சேர்த்துக்கொண்டு ஒருவரையும் வெளியே அனுப்பாத பாடசாலையை எண்ணிப் பாருங்கள். அதன் அதிபர் நிலைதான் அங்குள்ளோர் நிலை. இனம்பெருக்கத் தொடங்கிய நிலையம், ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்கவும் இட்ட முட்டைகளை அகற்றவும் வேண்டியதாயிற்று. இதைத் தோல்வி என்று சிலர் சொல்வர். நான் அவ்வாறு கருதவில்லை. வளர்க்கும் கலையிலே குறைவில்லை. நீர்நிலைகளிலேதான் இடம் இல்லை.

தனியார் நிலையத்துக்கு மற்றொரு நலிவும் உண்டு. பார்வையாளர் கொடுக்கும் நுழைவுக் கட்டணமே அதன் உயிர்நாடி. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் காரணமாகக் கதவு மூடப்பட்டபோது, வருவாய் நின்றது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முதலைகளின் பசி நிற்கவில்லை. சில மாதங்களுக்கே கையிருப்பு உண்டென்று பொதுமக்களிடம் அவர்கள் வெளிப்படையாகவே உதவி கேட்டனர். முதலை நெடுநாள் உண்ணாதிருக்க வல்லது என்பது அந்நாளில் சிறிது ஆறுதலாயிருந்திருக்கும்.

பின்னர் ஆயிரம் முதலைகளைக் குஜராத்திலுள்ள ஜாம்நகருக்குக் கொண்டுசெல்ல அனுமதி கிடைத்து, 2022ஆம் ஆண்டில் பகுதி பகுதியாக அனுப்பலாயினர். அங்கே றிலையன்ஸ் குழுமம் நிறுவிய மற்றொரு தனியார் நிலையம் இருக்கிறது; வன்தாரா என்று இன்று பேசப்படுவது. அது விலங்குகளைப் பெற்ற முறைபற்றி எழுந்த முறைப்பாடுகளை, 2025ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் அமைத்த குழு ஆராய்ந்து, தவறில்லை என அறிக்கை தந்தது. எவ்வாறாயினும், முதலைகள் ஒரு மதிலிலிருந்து மற்றொரு மதிலுக்குப் போயினவேயன்றி ஆற்றுக்குப் போகவில்லை.

ஆற்றுக்குப் போனவையும் உண்டு. வடநெம்மேலியிற் காணும் அதே சயாம் முதலையினத்தைக் கம்போடியா நாட்டவர் தம் நாட்டிலேயே வளர்த்து, 2012ஆம் ஆண்டு தொட்டுத் தம் மலையாறுகளில் விட்டு வருகின்றனர். விட்ட நீர்நிலைகளை மலைவாழ் மக்களே காவல் காக்கின்றனர். அம்மலைகளுக்கு ஏலக்காய் மலை என்று பெயர்; நக்கிள்ஸ் காட்டு நிழலில் ஏலம் பயிரிட்ட குடும்பங்கள் நம் மாவட்டத்திலும் உண்டாதலால் அப்பெயர் நமக்கு அந்நியமன்று. 2024ஆம் ஆண்டில் அங்கே ஐந்து கூடுகளிலிருந்து அறுபது குஞ்சுகள், மனிதர் கைபடாமல், வெளிவந்தன.