நெடுந்தூர ஓட்டமும் முந்திரிகைச் சாறும்

நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஆடி, ஆவணி வெயிலில்தான் நடக்கும். வீதியில் தண்ணீர்ப்பந்தல் போட்டவர்கள் உப்புப் போட்ட மோரும் சர்க்கரைத் தண்ணீரும் ஊற்றிக் கொடுப்பார்கள். பிரதட்டை பண்ணி எழுந்தவருக்குத் தனிப் பழச்சாற்றை யாரும் நீட்டுவதில்லை. விளையாட்டு உடலியல் படித்தவர்களும் இதில் பெரிய குறை காணமாட்டார்கள்.

ஏனென்று மரதன் ஓட்டத்தை வைத்துப் பார்க்கலாம். அதன் தூரம் 42.195 கிலோமீற்றர். தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் மாச்சத்து, வேகமாக ஓடுபவருக்கு ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்குத்தான் காணும். அதனால் ஓடும்போதே மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் வரை சர்க்கரை உள்ளே போகவேண்டும். பழச்சாற்றுக்கு இங்கே ஒரு தகுதி உண்டு. குளுக்கோசும் பிரக்டோசும் குடலில் வெவ்வேறு வழியால் உறிஞ்சப்படுகின்றன. குளுக்கோசு மட்டும் போனால், தேரன்று ஒரே வாசலில் சனம் நெரிபடுகிற மாதிரித்தான். இரண்டும் கலந்து போனால் மற்ற வாசலும் திறக்கும். பழகிய உடம்பு 90 கிராம் வரை ஏற்கும். யாழ்ப்பாணத் தோட்டங்களில் விளையும் முந்திரிகையின் சாற்றில் இரண்டும் ஏறக்குறையச் சரிபாதி.

ஆனால் அந்தச் சாற்றில் சர்க்கரை சுமார் 15 சதவீதம். ஓடும்போது வயிறு தாங்குவது 6 முதல் 8 சதவீதம். அதைவிடத் தடிப்பாகக் குடித்தால் வயிற்றிலேயே தங்கிப் பிரட்டும். வியர்வையில் லீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் போகிறது. சாற்றிலோ சோடியம் இல்லையென்றே சொல்லலாம்.

1965இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் ரொபேட் கேட் குழுவினர் உருவாக்கிய கேற்றரேட் என்ற விளையாட்டுப் பானத்தில் என்ன இருந்தது? தண்ணீர், சர்க்கரை, உப்பு வகைகள், ருசிக்கு எலுமிச்சைச் சாறு. எங்கள் வீடுகளில் உப்பும் சீனியும் போட்டுக் கரைக்கும் தேசிக்காய்த் தண்ணீருக்கு அது தூரத்துச் சொந்தமில்லை, கிட்டத்துச் சொந்தம்.

சாறுகளில் அதிகம் ஆராயப்பட்டது பழமே அல்ல, பீற்றூட். அதன் நைத்திரேற்றை நாக்கிலுள்ள பற்றீரியாக்கள் மாற்றிக் கொடுக்க, உடலில் அது நைத்திரிக் ஒட்சைட்டு ஆகிறது. அதனால் அதே வேலைக்குத் தசை குறைவான ஒட்சிசனோடு சமாளிக்கிறது. பற்றீரியாவைக் கொல்லும் வாய்கழுவியால் கொப்பளித்துவிட்டுக் குடித்தால் பலன் பெரும்பாலும் போய்விடும். 2009இல் எக்ஸ்ரர் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், ஆறு நாள் தினமும் அரை லீற்றர் குடித்தவர்கள் களைத்து நிறுத்தும்வரை தாக்குப்பிடித்த நேரம் 16 சதவீதம் கூடியது. எட்டே பேர்தான் பங்கேற்றார்கள். நன்றாகப் பயின்ற வீரர்களிடம் இந்தப் பலன் குறைவு என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் சதவீதத்தை அப்படியே ஓட்ட நேரத்தில் கழித்துவிடக் கூடாது.

புளிப்புச் செர்ரிச் சாறு, ஓடி முடித்த பிறகு தசை பலத்தைச் சற்று விரைவாக மீட்டதாக இலண்டன் மரதன் ஓட்டக்காரர்களிடம் செய்த ஆய்வு 2010இல் சொன்னது. அந்தப் பழத்துக்கு இங்கே கொடுக்கும் காசுக்கு ஒரு வாரச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடலாம்.

ஓடுபவர்கள் 400 மில்லிலீற்றர் முந்திரிகைச் சாற்றை ஒரு லீற்றராகத் தண்ணீர் விட்டுக் கலந்து, கால் தேக்கரண்டி உப்புப் போட்டால் போதும். போட்டியன்று முதல் தடவையாகக் குடிக்காதீர்கள், பயிற்சியில் பழகுங்கள். அரை மணித்தியாலம் நடப்பவருக்கு வெறும் தண்ணீரே காணும். அவர் முந்திரிகையைச் சாறாக்காமல் பழமாகவே சாப்பிடட்டும்.