தகர டப்பாவில் இருந்த பணம்

கர்த்தருக்குள் பிரியமான பங்காளர்களே,

சென்ற மழைக்காலத்தில் நம் மருத்துவமனையைப் பார்க்க வந்திருந்த ஒரு சபையார் கேட்ட கேள்வியை இந்த மடலில் எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர் நல்ல மனிதர். பல ஆண்டுகளாகத் தவறாமல் காணிக்கை அனுப்புகிறவர். ஆகவே அவருக்கு அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை.

புளியறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான தாயார் அப்போது பெண்கள் வார்டில் இருந்தார்கள். தொழுநோய் குணமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் விரல்கள் குட்டையாகிவிட்டன. பாதத்தில் உணர்ச்சி இல்லாததால் புண் வந்து வந்து ஆறும். படுக்கை மாற்றும்போது தலையணைக்கு அடியிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் டப்பா உருண்டு விழுந்தது. உள்ளே ரப்பர் பேண்டு போட்ட நோட்டுகள், பதினான்காயிரத்துக்குக் கொஞ்சம் மேல். வந்திருந்த அன்பர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, அரசாங்கம் பென்ஷன் கொடுக்கிறது, ரேஷன் கடையில் அரிசி சும்மா கிடைக்கிறது, கையில் இவ்வளவு பணமும் இருக்கிறது. இவர்களுக்கு நம் உதவி எதற்கு?" என்றார்.

முதலில் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு இரண்டு வழிகளில் உதவி வருகிறது. ஒன்று வருவாய்த் துறை மூலம் வரும் ஓய்வூதியம். இது 2023 ஜனவரியில் ஆயிரம் ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்ந்தது. மற்றது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை. கடுமையான ஊனமுள்ளவர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள், தசைச்சிதைவு நோயாளிகள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு உரியது. மாதம் 2,000 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. ஒருவர் இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. மத்திய அரசின் இந்திரா காந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம் 2009-ல் வந்தது. அதற்கு 80 சதவீத ஊனம் வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கவும் வேண்டும். அதில் மத்திய அரசின் பங்கு 300 ரூபாய்தான். மீதியை மாநிலம் போடுகிறது.

அந்தத் தாயாரிடம், "பேங்கில் போடக்கூடாதா அம்மா?" என்று கேட்டேன். "பேங்குல பணம் சேந்தா பென்சனை நிறுத்திருவாகன்னு சொன்னாக ஐயரே" என்றார்கள். யார் சொன்னது என்று கேட்டால் ஊரிலே எல்லாரும் சொல்லுகிறார்களாம். எனக்கு வெட்கமாயிருந்தது. ஏனென்றால் பல வருடங்களுக்கு முன் இதே வார்டில் இதே எச்சரிக்கையை நானும் சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். விசாரித்துச் சொல்லவில்லை, பிறர் சொன்னதை நம்பிச் சொன்னேன்.

பிறகுதான் விசாரித்தேன். முதியோர் ஓய்வூதியம், விதவை ஓய்வூதியம் போன்றவற்றில் பார்க்கப்படுவது நிலையான சொத்து, அதாவது நிலம், வீடு. முன்பு அதற்கு 50,000 ரூபாய் உச்சவரம்பு. பிறகு ஒரு லட்சமாக உயர்த்தினார்கள். மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தில் 40 சதவீத ஊனச் சான்றும், வருட வருமானம் மூன்று லட்சத்துக்கு மேல் போகாமல் இருப்பதும் பார்க்கப்படுகின்றன. மாதம் நூறு இருநூறாகச் சேமிப்புக் கணக்கில் மிச்சம் பிடித்ததற்காக ஓய்வூதியத்தை நிறுத்தும் விதி இவற்றில் இல்லை.

அந்தப் பயம் வேறு தேசத்தில் நியாயமான பயம்தான். அமெரிக்காவில் ஏழை ஊனமுற்றோருக்குக் கொடுக்கும் துணை வருமானத் திட்டத்தில், குடியிருக்கும் வீட்டையும் ஒரு வாகனத்தையும் கணக்கில் சேர்க்காவிட்டாலும், கையிருப்பு 2,000 டாலரைத் தாண்டினால் உதவி நின்றுவிடும். 1989-ல் வைத்த வரம்பு அது. விலைவாசி எத்தனையோ மடங்கு ஏறியும் வரம்பு ஏறவில்லை. அங்கே மருந்துக்கும் சவ அடக்கத்துக்கும் பணம் சேர்க்கிறவர் மாதாமாதம் கணக்குப் பார்த்து நடுங்க வேண்டியிருக்கிறது. சில ஊனமுற்றோருக்குத் தனிச் சேமிப்புக் கணக்கை அனுமதிக்க 2014-ல் ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. நம் மக்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இல்லாத கஷ்டத்துக்குப் பயந்துதான் டப்பாவில் வைத்து எலிக்கும் திருடனுக்கும் காவல் இருக்கிறார்கள்.

அரிசியின் விதி வேறு. அங்கே உண்மையாகவே பயப்பட வேண்டியது இருக்கிறது, அதுவும் புளியறைக்காரருக்கு அதிகமாக. செங்கோட்டைத் தாலுகா 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. இன்று எல்லை புளியறைக்கு மேற்கே போகிறது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். மலைக்கு அந்தப் பக்கம் அதற்கு விலை உண்டு. புளியறைச் சோதனைச் சாவடியில் ரேஷன் அரிசி மூட்டைகள் பிடிபட்ட செய்தியை நாளிதழில் நீங்களும் படித்திருப்பீர்கள். அந்த மூட்டைகள் எல்லாம் வீடு வீடாகக் கிலோவுக்குச் சில ரூபாய் கொடுத்துச் சேர்த்தவை. 1955-ஆம் வருட அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்கீழ் இதற்கு மூன்று மாதம் முதல் ஏழு வருடம் வரை சிறை விதிக்கலாம். வீட்டுக்கு வந்து அரிசி கேட்கிறவன் இதைச் சொல்லுவதில்லை. அரிசியைச் சமைத்துச் சாப்பிடலாம், இல்லாதவருக்குப் பகிரலாம், விற்கக் கூடாது. ஒரு மாதம் வாங்காமல் விட்ட அரிசி பொதுவாக மறுமாதத்துக்கு வராது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் பொறுக்கிய மன்னாவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தந்த நாளுக்குரியதை அன்றே புசிக்க வேண்டும். பணமோ எகிப்திலே யோசேப்பு களஞ்சியத்தில் சேர்த்த தானியத்தைப் போன்றது. இரண்டும் வேதத்தில் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி. அந்தத் திட்டம் தொடங்கியது 2000-ஆம் வருடம் டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு நாள். விதவைகள், முதியவர்கள், ஊனமுற்றோர் ஆகியோரைத் தலைவராகக் கொண்ட ஆதரவற்ற குடும்பங்களை அதன் வழிகாட்டுதலே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இருந்தும் நம் வார்டில் சாதாரண அட்டையோடு இருக்கிறவர்களைக் காண்கிறேன்.

இன்னொரு தொல்லை கைரேகை. 2020 முதல் ரேஷன் கடைகளில் விரலை வைத்தால்தான் அரிசி. விரலே இல்லாதவர் எதை வைப்பது? தனக்குப் பதிலாக ஒருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் உண்டு. அதை எழுதிக் கொடுக்க ஆள் இல்லாமல் அந்தத் தாயார் பல மாதம் அரிசியை இழந்திருக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 12-ல் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பொருளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டது. இவர்களைப் போன்றவர்களுக்கு ஏற்றது அதுவே.

வட்டிக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பென்ஷன் வரும் ஏ.டி.எம். அட்டையையும் ரேஷன் அட்டையையும் அடகாக வாங்கி வைத்துக்கொள்ளுகிறவர்கள் நம் பகுதியில் இருக்கிறார்கள். ஏழையின் திரிகைக்கல்லை ஈடாக வாங்கக் கூடாதென்று மோசே கொடுத்த கட்டளை உங்களுக்குத் தெரியும். நம் தேசத்துச் சட்டமும் அப்படியே. 1871-ஆம் வருட ஓய்வூதியச் சட்டப்படி, உடல் பலவீனத்துக்காகவும் இரக்கத்தினாலும் அரசு தரும் ஓய்வூதியத்தைக் கடனுக்காக நீதிமன்றம்கூட ஜப்தி செய்ய முடியாது. இனி வரப்போகும் மாதங்களின் பணத்தை முன்கூட்டியே ஒருவருக்கு எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. எங்கள் சமூகப் பணியாளர் இதைச் சொன்னதும் இரண்டு பேர் போய் அட்டையைத் திரும்ப வாங்கி வந்தார்கள். மூன்றாமவர் வாங்கவில்லை, அந்த வட்டிக்காரர் அவருடைய சொந்த அண்ணன் மகன்.

டப்பாப் பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குறைந்தபட்ச இருப்புத் தொகை தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. பென்ஷன் வருவதே அதில்தான். வந்த அன்றே முழுவதையும் எடுத்துவிடுவார்களாம். இப்போது டப்பாவில் இருந்ததும் அதே கணக்கில் இருக்கிறது. நியமனதாரர் பெயர் எழுதச் சொன்னபோது வெகுநேரம் யோசித்து, பக்கத்துப் படுக்கைக்காரியின் மகளை எழுதினார்கள். "எதற்காக அம்மா இதைச் சேர்த்தீர்கள்?" என்று கேட்டேன். "நான் செத்தா எடுத்துப் போட நாலு பேரு கையேந்தி நிக்கக் கூடாதுல்லா" என்றார்கள். அந்த அன்பருக்கு இந்தப் பதிலை எழுதி அனுப்பினேன். அவர் மறுபடியும் காணிக்கை அனுப்பியிருக்கிறார், கடிதம் எழுதவில்லை.

நம் உதவி எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். 2,000 ரூபாயில் மாதம் ஓடலாம். புண் வந்த பாதத்துக்கு அதில் இடமில்லை. அரிசி கிடைக்கிறது, கட்டுத்துணி ரேஷன் கடையில் கிடைக்காது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஓய்வூதியம் வாங்கும் முதியோருக்கு அரசே சேலை வேட்டி தருகிறது. ஆகவே கிறிஸ்துமஸுக்குச் சேலை அனுப்ப நினைக்கிறவர்கள் தயவுசெய்து இந்த முறை அதை நிறுத்திவையுங்கள். உணர்ச்சியற்ற பாதத்துக்கென்று மென்மையான எம்.சி.ஆர். ரப்பரில் செய்யும் செருப்பு எங்களுக்கு அதிகம் தேவைப்படுகிறது. பாத அளவை இங்கேயே எடுத்துக்கொள்ளுகிறோம். அந்தத் தாயாருக்கு இடது காலுக்கு மட்டும் புதிது வேண்டும்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைக் குருவானவர்