பெரிய கோப்பு அச்சாகாதபோது செய்ய வேண்டுவன

தறியும் தோட்டமும் உள்ள குடும்பங்களில் இன்று கம்ப்யூட்டரும், பிரிண்டர் என்னும் சிறு அச்சு யந்திரமும் புதுமையான பொருள்கள் அல்ல. காரமடைப் பக்கத்துக் கறிவேப்பிலை விவசாயிக்குப் பத்திர நகல் வேண்டியிருக்கிறது. சிறுமுகைப் பட்டு நெசவாளருக்கு முந்தானை டிசைனின் கட்டத்தாள் வேண்டியிருக்கிறது. ஒரு பக்கக் கடிதத்தைத் தடையின்றி அச்சிட்டுத் தரும் பிரிண்டர், நாற்பது பக்கப் பத்திரத்தையோ பெரிய டிசைனையோ கொடுத்தால் விளக்கை மினுக்கிவிட்டு நின்றுவிடுகிறது. அல்லது பாதிப் பக்கத்தோடு தாளைத் தள்ளிவிடுகிறது. யந்திரம் பழுதாகிவிட்டதென்று கருதி, கடன்பட்டுப் புதியது வாங்கப் புறப்படுவோரும் உண்டு. பெரும்பாலும் அது வேண்டாத செலவு என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

முதலில் காரணத்தை அறிவோம். கம்ப்யூட்டரில் கோப்பு சுருக்கப்பட்ட வடிவில் இருக்கிறது. அச்சிடும் வேளையில் அது புள்ளி புள்ளியாக விரிக்கப்படுகிறது. ஏ4 தாளில் அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் கணக்கிட்டால், ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 கோடியே 48 லட்சம் புள்ளிகள் ஆகின்றன. கறுப்பு வெள்ளையாயின் இதற்கு ஏறத்தாழ 43 லட்சம் பைட்டு இடம் போதும். முழு வண்ணமாயின் 10 கோடி பைட்டுக்கு மேல் வேண்டும். ஆகவே பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் கோப்பும் அச்சிடுகையில் மிகப் பெரிதாகிவிடலாம்.

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியை நினைத்துக்கொள்ளலாம். களத்தில் இடம் இருக்கும் அளவுக்கே லாரியிலிருந்து மூட்டை இறக்க முடியும். பிரிண்டரின் ஞாபக சக்தியும் அத்தகைய களமே. அதிலும் லேசர் பிரிண்டர் ஒரு பக்கத்தை ஆரம்பித்தால் நடுவில் நிற்க இயலாது. அதன் உருளை சுழன்றுகொண்டே இருக்கும். பக்கத்தின் விவரம் உரிய வேளையில் வந்து சேராவிடில் அப்பக்கம் கெடும். மையைத் தெளிக்கும் இங்க்ஜெட் யந்திரமோ வரிவரியாக நின்று நின்று அச்சிட வல்லது.

நம் நெசவாளர்களுக்கு இது விளங்காத விஷயமன்று. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டை ஒட்டி அமைத்த பெட்டி, அட்டையை ஒவ்வொன்றாகவே படிக்கிறது. அவருடைய உருவத்தை 1839-இல் பட்டில் நெய்தபோது சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அத்தனையையும் தறி ஒரே வேளையில் தாங்கவில்லை. ஓர் ஊடைக்கு ஓர் அட்டையாக வாங்கிக்கொண்டது. பெரிய வேலையைச் சிறு பகுதிகளாகக் கொடுப்பது என்ற அந்த முறையே இங்கும் உதவும்.

இனிச் செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, ஒரு சிறு கடிதத்தை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் வராவிடில் குறை கோப்பில் இல்லை. மை, தாள், கம்பி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கடிதம் சரியாக வந்தால் யந்திரம் நல்ல நிலையில் இருப்பதாகவே கொள்ளலாம்.

இரண்டாவது, அச்சிடும் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தலாகாது. ஒவ்வோர் அழுத்தமும் வரிசையில் மற்றுமொரு பிரதியைச் சேர்க்கிறது. முன்னால் நின்றுபோன வேலை பின்னால் வருவனவற்றையும் மறிக்கும். வரிசையில் உள்ள யாவற்றையும் ரத்து செய்து, பிரிண்டரை அணைத்துச் சற்றுப் பொறுத்து, கம்ப்யூட்டரையும் மறுபடி தொடங்க வேண்டும்.

மூன்றாவது, கம்ப்யூட்டரில் காலி இடம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அச்சுக்குப் போகும் விவரம் முதலில் அங்கேதான் ஸ்பூல் எனப்படும் வரிசையில் தங்குகிறது. நூல் சுற்றும் உருளைக்கு வழங்கும் சொல்லே இங்கும் வழங்குகிறது. உருளையில் இடமில்லையேல் நூல் சுற்ற முடியாதல்லவா?

நான்காவது, ஐந்து அல்லது பத்துப் பக்கங்களாகப் பிரித்து அச்சிட வேண்டும். எல்லாப் பகுதியும் வந்து ஒன்று மட்டும் நின்றால், குற்றம் அப்பகுதியிலுள்ள ஏதோ ஒரு பக்கத்தில் இருக்கிறது. அப்பக்கத்தைக் கண்டுபிடித்து, அக்ரோபாட் ரீடரில் உயர்நிலை அமைப்பு என்ற இடத்தில் 'படமாக அச்சிடு' என்பதைத் தேர்ந்து பார்க்கலாம். சிக்கலான கோடுகளும் எழுத்துருக்களும் செய்யும் தடை இதனால் பெரும்பாலும் நீங்கும்.

ஐந்தாவது, புள்ளியின் நெருக்கத்தைக் குறைக்க வேண்டும். 600-க்குப் பதில் 300 வைத்தால் சுமை பாதியாகாது, காற்பங்காகும். பத்திரங்களை ஸ்கேன் செய்யும்போதே 300 அளவில், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் வாசிக்கத் தெளிவாகவும் இருக்கும், அச்சும் எளிதில் வரும்.

ஆறாவது, கம்பியில்லாத வைஃபை வழியே அனுப்பும்போது நடுவில் தடைப்படுமாயின், யூ.எஸ்.பி. கம்பியை இணைத்து அனுப்ப வேண்டும். அப்போதும் வராவிடில், பிரிண்டர் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து உரிய டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

டிசைன் அச்சிடுவோருக்குத் தனியே ஓர் எச்சரிக்கை கூறுவோம். பெரிய கட்டத்தாளைப் பக்கத்துக்குள் அடக்கும்படி சுருக்கினால் கட்டக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கட்டத்தைத் தவறாக எண்ணி அட்டை குத்தினால், அப்பிழை புடவையில் பூவுக்குப் பூ திரும்ப வரும். பட்டும் உழைப்பும் வீணாகும். ஆதலால் உண்மையான அளவிலேயே, 'போஸ்டர்' முறையில் பல ஏ4 தாள்களாக அச்சிட்டு, விளிம்பு பொருந்த ஒட்டிக்கொள்வதே நன்று. ஒட்டிய பின் ஒரு வரிசைக் கட்டங்களை எண்ணிச் சரிபார்த்த பிறகே அட்டை குத்தத் தொடங்க வேண்டும்.

இவற்றாலும் இயலாதபோது வெளியே அச்சிடுவதில் குற்றமில்லை. ஆனால் கடையின் கம்ப்யூட்டருக்கு அனுப்பிய ஆதார் நகலும், வங்கிப் புத்தகமும், புது டிசைனும் அங்கேயே தங்கிவிடக் கூடும். வேலை முடிந்ததும் கண்ணெதிரே அழிக்கச் சொல்வது நம் உரிமை. வாட்ஸ்அப்பில் அனுப்புவோர் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் அது சுருங்கித் தெளிவை இழக்கும்.

வீட்டுக்கொரு பெரிய பிரிண்டர் என்பது எளிய குடும்பங்களுக்கு ஏற்ற வழியன்று. ஞாபக சக்தி மிகுந்த ஒன்றைச் சங்கம் வாங்கி, தாள் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு யாவருக்கும் உதவுவதே கூட்டுறவுக்குப் பொருந்தும். அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதனை அங்கத்தினர்கள் ஆலோசிக்கலாம். அதுவரை, யந்திரத்தைக் குறை கூறுமுன் அதன்மேல் ஏற்றும் சுமையைக் குறைத்துப் பார்ப்போமாக.