வலிக்காத புண்ணைத்தான் முதலில் காட்டணும்

பிறப்புறுப்பில் ஒரு சின்னப் புண். வலி இல்லை. சில வாரங்களில் தானாகவே ஆறிவிடுகிறது. "அதான் சரியாயிடுச்சே" என்று விட்டுவிடுகிறோம். சிபிலிஸ் எனும் மேகப்புண் நோய் ஆளை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். புண் ஆறினாலும் கிருமி உடம்பிலேயே இருக்கும். பிறகு உள்ளங்கையிலும் பாதத்திலும் தடிப்பு வரலாம். அதுவும் மறைந்துவிடும். கவனிக்காமல் விட்டால் பல ஆண்டுகள் கழித்து இதயம், மூளை, நரம்பு வரை போகும். கர்ப்பிணிக்கு இருந்தால் வயிற்றிலுள்ள குழந்தைக்கும் தொற்றும். கர்ப்பகாலப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யோடு சிபிலிஸுக்கும் ரத்தம் எடுப்பது இதற்காகத்தான்.

போனில் "ரகசிய நோய்" என்று தேடினால் லேகிய விளம்பரம்தான் முதலில் வந்து நிற்கும். அதைத் தள்ளிவிட்டு, 1097 என்ற கட்டணமில்லா எண்ணைக் கூப்பிடுங்கள். அருகில் எங்கே போகலாம் என்று கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் 'சுகவாழ்வு மையம்' இருக்கிறது. பால்வினைத் தொற்றுக்கான பரிசோதனை, மருந்து, ஆலோசனை எல்லாமே அங்கே இலவசம். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு 'நம்பிக்கை மையம்'.

உள்ளே என்ன கேட்பார்கள் என்பதுதான் பலருக்கும் பயம். கடைசியாக எப்போது உறவு, ஆணுறை போட்டீர்களா, எத்தனை துணை என்று கேட்பார்கள். எந்தப் பரிசோதனை, எப்போது எடுக்கணும் என்பது அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவாகும். மறைத்தால் நமக்குத்தான் நஷ்டம். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி, உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. முடிவையும் வெளியே சொல்லக் கூடாது.

மருந்து பெரும்பாலும் அன்றைக்கே கிடைக்கும். அறிகுறியைப் பார்த்து, நிறம் வாரியாகப் பொட்டலம் போட்டு வைத்திருப்பார்கள். சீழ் வடிதலுக்கு சாம்பல் நிறம், புண்ணுக்கு வெள்ளை. ஆரம்பநிலை சிபிலிஸுக்குப் பொதுவாக ஒரே தவணை பென்சிலின் ஊசி போதும். பென்சிலின் ஒவ்வாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை கேட்டு வாங்கிப் போடுவது கூடவே கூடாது. அறிகுறி அடங்கும், நோய் அடங்காது.

துணையை அழைத்து வருவதுதான் கஷ்டமான பகுதி. "அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்று தயங்கினால், அதையே மையத்து ஆலோசகரிடம் கேளுங்கள். பேச்சை எப்படி ஆரம்பிக்கலாம் என்று சொல்லித் தருவார். நீங்கள் மட்டும் மருந்து எடுத்தால், அதே தொற்று திரும்ப வீட்டுக்குள் வரும். பெண்களுக்குப் பல நேரம் அறிகுறியே தெரியாது. அதனால் "அவளுக்கு ஒண்ணுமில்லை" என்பது கணக்கில் வராது. இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை உறவைத் தள்ளி வையுங்கள்.

சந்தேகத்துக்குரிய உறவு நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால், எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மருந்து உண்டு. காலை வரட்டும் என்று காத்திருக்காமல் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள். மற்றபடி, மறுநாளே எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தால் அதை நம்பிவிட முடியாது. மூன்று மாதம் கழித்து ஒருமுறை எடுத்தால்தான் உறுதி.

சிபிலிஸ் ரிப்போர்ட்டில் 1:32 என்பது போல ஓர் அளவு இருக்கும். சிகிச்சைக்குப் பிறகு அந்த எண் இறங்கணும். அடுத்தமுறை ஒப்பிட, ரிப்போர்ட்டைப் போனில் படமெடுத்து, பூட்டுப் போட்ட ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.