உப்புக்கொத்தியும் உவர்நிலச் சுண்டெலியும்

அமெரிக்காவில் காலிபோர்னியா மாகாணத்தைச் சேர்ந்த ஸான் பிரான்ஸிஸ்கோ வளைகுடாவின் ஓரத்தில் 1850-களில் உப்பு விளைவு தொடங்கிற்று. கடல் ஓதம் ஏறியிறங்கும் சதுப்பு நிலங்களைக் கரை போட்டு அடைத்து உப்புப் பாத்திகளாக்கினர். சாகுபடிக்கும் நகரங்களுக்கும் மாற்றிய நிலங்களும் சேர, பழைய சதுப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் மறைந்துபோயிற்று.

இதனால் கேடுற்றது, உலகில் வேறெங்கும் காணப்படாத உவர்நிலச் சுண்டெலி. எடை சுமார் ஒரு தோலாவே. உமரி இனத்துப் பூண்டின் அடர்த்தியில் வசித்து, அதைத் தின்று, உவர்நீரையும் குடித்து ஜீவிக்கும். ஓதம் மிகும்போது உயரமான செடிகளில் ஏறித் தப்பும். 1970-ல் இது அழியும் நிலையிலுள்ள பிராணிகளின் ஜாபிதாவில் சேர்க்கப்பட்டது.

சிறிய வெண்ணிற உப்புக்கொத்தியின் நிலைமை வேறு. கடற்கரை மணலில் ஜன நடமாட்டத்தால் இடமிழந்த இப்பட்சிக்கு அதே உப்புப் பாத்திகள் அடைக்கலமாயின. வறண்ட வெறுந்தரையில் சிறு குழி செய்து பெரும்பாலும் மூன்று முட்டைகளிடும். செடி அடர்ந்த இடத்தை நாடாது. பகையைத் தூரத்திலேயே காண வெட்டவெளி வேண்டும். பசிபிக் கரையிலுள்ள இப்பட்சிகள் 1993-ல் ஆபத்துக்குட்பட்டவை என்னும் அடுத்த வகுப்பில் வைக்கப்பட்டன.

2003-ல் வளைகுடாவின் தென்பகுதியில் 15,100 ஏக்கரா உப்புப் பாத்திகள் சர்க்கார் வசமாகி, அவற்றை மீண்டும் சதுப்பாக்கும் வேலை ஆரம்பமானபோது சிக்கல் வெளிப்பட்டது. கரையை உடைத்தால் எலிக்கு நிலம் கிடைக்கும். பட்சி முட்டையிடும் தரை மூழ்கும். மேல் வகுப்பிலுள்ள எலிக்கே முதலிடம் என்று தீர்ப்பது சுலபம். ஆனால் உடைத்த பாத்தியில் உமரி உடனே முளைப்பதில்லை. அருகிலுள்ள சாந்தா கிளாரா பள்ளத்தாக்கில் பழத்தோட்டங்களுக்கும் பிறகு நகரங்களுக்கும் கிணற்று நீரை அளவு மீறி இறைத்தமையால், தென்கோடிப் பாத்திகளின் தரையும் பல அடி தாழ்ந்துவிட்டது. (கிணற்றுப் பாசனம் மிகுந்த எவ்விடத்தாரும் இதைக் கவனித்தல் நலம்.) ஓதம் கொணரும் வண்டல் படிந்து தரை உயரப் பல வருஷங்கள் செல்லும். பட்சியோ முதல் வருஷமே இடத்தை இழக்கும்.

ஆகையால் சில பாத்திகளை உடைக்காமல் மதகு வைத்துப் பராமரிக்கின்றனர். மாரிக் காலத்தில் நீர் தேக்கினால் செடி படராது. மார்ச்சு முதல் செப்டம்பர் வரை முட்டையிடும் பருவமாதலால், அதற்கு முன்பே நீரை வடித்துத் தரையை உலரவிட வேண்டும். குஞ்சுகளுக்கு ஈக்களும் சிறு பூச்சிகளும் கிடைக்க, ஓரத்து வாய்க்காலில் மட்டும் நீர் நிற்கலாம். முட்டைகள் கடற்காக்கைகளின் கண்ணில் படாதிருக்கச் சில பாத்திகளில் சிப்பி ஓடுகளையும் பரப்பியுள்ளனர். வளைகுடாவில் 500 பட்சிகள் முட்டையிட வேண்டுமென்பது 2007-ஆம் வருஷத்துத் திட்டத்தின் இலக்கு. பருவத்தின் நடுவில் ஒரு மதகு பழுதாகி நீர் புகுந்தால், தரையோடு தரையாயுள்ள அந்தக் கூடுகள் ஒரே நாளில் மூழ்கிவிடும்.