ஆறு சுத்தமா, இல்லையா? கல்லுக்கு அடியில் இருக்கும் பூச்சிகள் சொல்லும் பதில்!

ஆற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக ஓடுகிறது. நாற்றமில்லை, நுரையில்லை. பார்ப்பவர்கள் 'சுத்தமான ஆறு' என்றுதான் சொல்வார்கள். ஆனால், அங்கே கிடக்கும் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் கதை வேறாக இருக்கலாம். அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில் ஓடும் ஆர்கன்சாஸ் ஆற்றின் கதை அப்படிப்பட்டதுதான்.

மலையைக் குடைந்தார்கள்... ஆறு மாறியது!

3,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கும் மலை நகரம், லெட்வில். 1860-ல் இங்குள்ள 'கலிஃபோர்னியா கல்ச்' ஓடையில் தங்கம் கிடைத்தது. பிறகு வெள்ளி, ஈயம், துத்தநாகம் என நூறாண்டுகளுக்கு மேல் மலையைக் குடைந்தார்கள். சுரங்கங்களில் ஊறும் நீரை வெளியேற்ற, சுமார் 6 கிலோமீட்டர் நீளத்துக்கு 'யாக்' என்ற வடிகால் சுரங்கமும் வெட்டப்பட்டது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. உடைத்த பாறைகளில் இருந்த பைரைட் என்ற கனிமம், காற்றும் நீரும் பட்டதும் கந்தக அமிலத்தை உண்டாக்கியது. அந்த அமிலம் துத்தநாகம், காட்மியம், தாமிரம் ஆகியவற்றைக் கரைத்து ஆற்றுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. கரைந்த துத்தநாகத்துக்கு நிறம் கிடையாது. அதனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

யார் காணாமல்போனார்கள்?

இந்த ஆற்றின் பூச்சிகளை, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் வில்லியம் கிளெமென்ட்ஸும் அவர் குழுவினரும் 1989 முதல் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். உலோகம் அதிகமாக இருந்த இடங்களில் 'மேஃப்ளை' என்ற பூச்சியின் சில வகைகள் அருகிப்போயிருந்தன. குறிப்பாக, தட்டையான உடலோடு கல்லில் ஒட்டி வாழும் ஹெப்டஜெனிடே குடும்பம். இந்தப் பூச்சிகள் இளம் பருவம் முழுவதையும் தண்ணீருக்குள்ளேயே கழிப்பவை. செவுள்களால் சுவாசிப்பவை. உலோகம் தண்ணீர் வழியாகவும், அவை சுரண்டித் தின்னும் பாசி வழியாகவும் உடலுக்குள் போகிறது.

அதே இடத்தில், கொசு போலத் தோற்றமளிக்கும் 'மிட்ஜ்' பூச்சிகளின் புழுக்களில் சில வகைகள் தாக்குப்பிடித்தன. ஆக, பூச்சிகளின் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். எத்தனை இருக்கின்றன என்பதைவிட, யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதுதான் முக்கியம்.

தண்ணீர்ப் பரிசோதனை, மாதிரி எடுத்த அந்த நேரத்தின் நிலையைத்தான் சொல்லும். பூச்சிகளோ மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பவை. பனி உருகும் காலத்தில் உலோகம் கூடியதா என்பதைக்கூட அவை காட்டிக்கொடுத்துவிடும்.

பூச்சி போனால் என்ன?

'பூச்சிதானே!' என்று விட்டுவிட முடியாது. ட்ரவுட் மீன்களுக்கு இவைதான் சாப்பாடு. இறக்கை முளைத்து வெளியே வந்தால் பறவைகளுக்கும் சிலந்திகளுக்கும் இரை. லெட்வில்லுக்குக் கீழே ஆற்றில் இருந்த ட்ரவுட் மீன்கள், ஒருகாலத்தில் சில வருடங்களுக்கு மேல் உயிர் வாழ்வதே அபூர்வமாக இருந்தது.

திரும்பி வந்த உயிர்கள்

1983-ல் இந்தப் பகுதி, அமெரிக்க அரசின் 'சூப்பர்ஃபண்ட்' எனப்படும் மாசு அகற்றும் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1992-ல் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கத் தொடங்கின. சுரங்க நீரில் காரப் பொருளைச் சேர்த்து, உலோகங்களைக் கசடாகப் படியவைத்துப் பிரித்தார்கள். ஆற்றில் உலோக அளவு குறையக் குறைய, மேஃப்ளைகள் மெல்லத் திரும்பி வந்தன. மீன்களும் பெருகின. 2014-ல் இந்த ஆற்றின் 102 மைல் நீளப் பகுதியை, சிறந்த ட்ரவுட் மீன்பிடி நீர்நிலைகளுக்குத் தரும் 'கோல்டு மெடல்' பட்டியலில் கொலராடோ அரசு சேர்த்தது.

ஆனால், வேலை முடிந்துவிடவில்லை. சுரங்கத்தை மூடினாலும், மலைக்குள் நீர் ஊறுவது நிற்காது. அதனால் சுத்திகரிப்பையும் நிறுத்த முடியாது. தங்கமும் வெள்ளியும் எடுத்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். அதற்கான செலவை அடுத்தடுத்த தலைமுறைகள் கட்டிக்கொண்டிருக்கின்றன.